கடலோடிகளின் நினைவு அஞ்சல்தலைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுக்கி இல்லாமல் அஞ்சல்தலையைத் தொடக் கூடாது என்பதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்லிவிடுவார்கள். நானும் என் காலத்துச் சேகரிப்பாளர்களும் செய்த வேறு சில பிழைகளை இன்றைய தொகுப்புகளிலும் காண்பதால், அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

உறையிலிருந்து வெட்டி எடுப்பது

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த 400ஆம் ஆண்டை முன்னிட்டு, 1898இல் போர்த்துகல் தனக்கும் தன் குடியேற்றங்களுக்கும் எட்டு மதிப்புகள் கொண்ட அஞ்சல்தலை வரிசைகளை வெளியிட்டது. போர்த்துகீசிய இந்தியா, மக்காவ், திமோர் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயர் பொறித்தவை கிடைத்தன. ஆப்பிரிக்கக் குடியேற்றங்களுக்கோ 'ஆப்பிரிக்கா' என்று மட்டும் அச்சிட்ட ஒரு பொது வரிசைதான். ஆகவே ஓர் அஞ்சல்தலை புழங்கிய இடம் அங்கோலாவா, மொசாம்பிக்கா, கேப் வெர்டேயா என்பதை அதன் மேல் விழுந்த முழு முத்திரையும் உறையுமே சொல்ல முடியும்.

ஏலத்தில் பழைய உறைக்கட்டு ஒன்றை வாங்கிய இளைஞர் ஒருவர், அத்தனையையும் ஓரம் ஒட்டக் கத்தரித்து, நீரில் ஊறவைத்து, அழகாக உலர்த்தி என்னிடம் கொண்டுவந்தார். ஒன்றில் முத்திரையின் கால் வட்டமும் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தான 'A'யும் மிஞ்சியிருந்தன. அங்கோலாவின் லுவாண்டா, பெங்கேலா, கேப் வெர்டேயின் பிரையா ஆகிய மூன்று பெயர்களும் ரோமன் எழுத்தில் அப்படித்தான் முடிகின்றன. உறைகளைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். கடிதம் கடந்த துறைமுகங்களைக் காட்டும் பின்பக்க முத்திரைகளும், கட்டணக் கணக்கும் அவற்றோடு போய்விட்டன. மற்றத் தவறுகளைப் பணம் கொடுத்தாவது சரிசெய்யலாம், இதற்கு அந்த வழியும் இல்லை என்பதால்தான் இது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது. பழைய உறை கைக்கு வந்தால், கத்தரியை எடுக்காமல் முதலில் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

மறுவெளியீட்டை மூலம் என்று வாங்குவது

சிகாகோ கண்காட்சிக்காக 1893இல் அமெரிக்கா வெளியிட்ட 16 கொலம்பஸ் அஞ்சல்தலைகளின் படங்கள், 1992இல் மினியேச்சர் ஷீட்டுகளாக (சில அஞ்சல்தலைகள் மட்டும் கொண்ட சிறு தாள்களாக) மீண்டும் வந்தன. மூலத்தில் வலது மேல் மூலையில் கொலம்பஸ் பயணத்தின் 400ஆம் ஆண்டான 1892 என்றும், பின்னதில் 1992 என்றும் இருக்கும். விற்பவர் அனுப்பும் படத்தில் அந்த மூலை தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

'உடைந்த தொப்பி'க்கு அதிக விலை கொடுப்பது

அந்த வரிசையின் 2 சென்ட் அஞ்சல்தலை 100 கோடிக்கு மேல் அச்சானது. கொலம்பஸுக்கு அருகில் நிற்பவரின் தொப்பியில் வெட்டு விழுந்த வகை அதில் அரிதன்று.

படத்தை அப்படியே நம்புவது

அதே கொலம்பஸ் வரிசையின் 1 சென்டில் கரையைக் காணும் கொலம்பஸுக்குத் தாடி இல்லை. 2 சென்டில் கரையிறங்குபவருக்கு நிறைந்த தாடி. இன்று கனடாவின் பகுதியான நியூஃபவுண்ட்லாந்து 1897இல் கடலோடி ஜான் காபட்டுக்காக வெளியிட்ட 2 சென்டில் இருப்பதோ அவருடைய மகன் செபாஸ்டியனின் உருவம். தொகுப்பில் குறிப்பு எழுதும்போது இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

'குடியரசு' மேலச்சுகள்

1910இல் போர்த்துகலில் மன்னராட்சி வீழ்ந்தபின் 1898இன் அதே காமா அஞ்சல்தலைகள், 'குடியரசு' என்ற சொல் மேலே அச்சிடப்பட்டு (மேலச்சு) மீண்டும் புழக்கத்துக்கு வந்தன. விலை உயர்ந்தவற்றை, அசல் என்று நிபுணர் தரும் சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம்.