வேர் விட்ட அத்திக் குச்சி சாடிக்குப் போனதும் துவண்டுவிடுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ் தே வாங்கிய பிளாஸ்டிக் கப்பில் அத்திக் குச்சி வேர் விட்டு நாலு இலையும் விரித்துவிட்டது. ஆசையாகச் சாடிக்கு மாற்றுகிறோம். மறுநாள் மத்தியானம் பார்த்தால் இலையெல்லாம் ஈரத்துணி போலத் தொங்குகிறது. பினாங்கில் 'புவா தின்' (அத்திக்கு மலாய்ப் பெயர்) வளர்க்கத் தொடங்கும் பலர் செடியைப் பறிகொடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

இலையைப் பார்த்து நாள் குறிப்பதில் தொடங்குகிறது தவறு. குச்சி தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் சத்தைக் கொண்டே துளிர்த்துவிடும். வேர் வருமுன்பே இரண்டு மூன்று இலை விடுவதும் உண்டு. அதனால் கப்பின் பக்கவாட்டில் வேரைப் பாருங்கள். தவ்கே (பயறு) முளை மாதிரி பளீர் வெள்ளையாக இருந்தால் தொட்டாலே ஒடியும், இன்னும் பொறுங்கள். வேர் பழுப்பேறி, கிளை விட்டு, கப்பில் இருக்கும் நடவுக் கலவையை உருண்டையாகப் பிடித்த பிறகு மாற்றலாம். அப்போதும் குச்சியைப் பிடித்து இழுக்காதீர்கள். கப்பைக் கத்தரியால் வெட்டிப் பிரித்து, உருண்டை கலையாமல் அப்படியே சாடியில் இறக்குங்கள்.

அடுத்தது எல்லாரும் செய்வது, நானும் செய்தது: ஈரம் காக்கக் குச்சியை மூடியிருந்த பிளாஸ்டிக் பையை எடுப்பதும் சாடி மாற்றுவதும் ஒரே நாளில். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி பால்கனியில் ஐந்து குச்சிகளை அப்படி மாற்றினேன். இரண்டே நாளில் நான்கு போய்விட்டன. பைக்குள் காற்று முழுக்க ஈரம். அதிலேயே பிறந்த இலைக்குத் தோல் மெல்லிசு, துளைகளைச் சரியாக மூடத் தெரியாது. வெளியே வந்ததும், வேர் கொடுப்பதைவிட வேகமாக இலை தண்ணீரை இழக்கிறது. 'நம்ம ஊர்தான் எப்பவும் புழுக்கமாச்சே' என்று தோன்றும். ஆனால் வெயில் நாளில் மத்தியானம் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். விசிறி, ஏர்கோன் உள்ள அறை என்றால் இன்னும் மோசம்.

அதனால் முதலில் செடியை வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். பையில் இரண்டு மூன்று ஓட்டை போடுங்கள். இரண்டு நாள் கழித்து ஓட்டையைப் பெரிதாக்குங்கள். அப்புறம் இரவு மட்டும் திறந்து வையுங்கள், பிறகு பகலிலும். ஏழு முதல் பத்து நாள் ஆகும். இடையில் துவண்டால் மறுபடி மூடிவிடுங்கள். மூடாமலே நிமிர்ந்து நிற்கும் செடியைத்தான் சாடிக்கு மாற்ற வேண்டும்.

துவண்ட செடியைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். முதலில் சாடியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. இன்னும் ஊற்றினால் காற்றில்லாமல் வேர் அழுகும். நிழலில் வைத்து, பையால் மூடி, பெரிய இலைகளைப் பாதியாக வெட்டுங்கள். வெட்டும்போது வடியும் பால் தோலில் பட்டு, அதோடு வெயிலில் நின்றால் புண்ணாகிவிடும். உடனே கழுவுங்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாருங்கள். இலை நிமிர்ந்திருந்தால் பயமில்லை, பகல் சூட்டுக்குத்தான் சோர்ந்திருக்கிறது. காலையிலும் தொங்கி, குச்சியின் அடி மெத்தென்று அழுங்கி, புளித்த வாடை அடித்தால் அது அழுகல். நல்ல கட்டைவரை நறுக்கிவிட்டு மறுபடி வேர் விட வைப்பது ஒன்றுதான் வழி.

சின்ன வேருக்குப் பெரிய சாடி வேண்டாம். 5, 6 அங்குலம் போதும். பெரியதில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். தேங்காய் நார்த்தூள், பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல் துகள்), கருக்கிய உமி எதுவானாலும் சரி, கப்பில் இருந்த கலவையை ஒட்டியே இருக்கட்டும். தனிச் செம்மண் நீர் கட்டும். கோழி எருவும் உரமும் இப்போது கூடவே கூடாது, உப்பு ஏறினால் வேரால் தண்ணீர் இழுக்க முடியாது. மேற்கு வெயில் விழும் பால்கனியும், அடைமழை நேராக விழும் இடமும் ஆகாது. காலை வெயில் ஒரு மணி நேரம் படட்டும்.

பைக்குள் பிறந்த பழைய இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தால் கலங்க வேண்டாம். நுனியில் ஒரு புது இலை, வெளிக்காற்றிலேயே விரிந்து, தடவினால் சொரசொரப்பாகத் தடித்து வந்திருக்கும். அதைப் பார்த்த பிறகு கொஞ்சம் உரம் வைக்கலாம், வெயிலையும் கூட்டலாம்.