மழை விடாத கோடையில் தீவனப்புல்லும் நிலமும்

நாலு நாள் வெயில் வரட்டும் என்று காத்திருக்கையில் புல் முற்றிவிடும். கதிர் வந்த பிறகு தண்டில் நார் ஏறும், புரதம் இறங்கும். அதனால் கதிர் தலைகாட்டியதுமே அறுத்துவிடுங்கள். உலர்த்த வழியில்லை என்றால் ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த பச்சைப்புல், சைலேஜ்) போடுங்கள். முற்றி நனைந்த உலர்புல்லைவிட அது எவ்வளவோ மேல்.

தரைக்கு மேல் 8 முதல் 10 செ.மீ. விட்டு அறுத்தால் அடியில் காற்று புகும், புல்லில் சேறு ஒட்டாது, மறுதழைவும் சீக்கிரம் வரும். அறுத்த புல்லைக் குவிக்காமல் அகலமாகப் பரப்புங்கள். அறுத்த கையோடு பெய்யும் மழையால் பெரிய நட்டமில்லை. முக்கால் காய்ந்த புல்மேல் பெய்யும் மழைதான் அதிலுள்ள சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு போகும்.

கட்டும் முன் ஈரம் பார்த்தே ஆக வேண்டும். 100 கிராம் புல்லை நறுக்கி, எடை மேலும் குறையாத வரை இளஞ்சூட்டில் கருகாமல் வறட்டுங்கள். 82 கிராம் மிஞ்சினால் ஈரம் 18 சதவீதம். சிறு கட்டுக்கு அதுவே எல்லை. பெரிய உருளைக் கட்டு 16-ஐத் தாண்டக் கூடாது. இலை சலசலத்தாலும் கணுவில் ஈரம் ஒளிந்திருக்கும். நகத்தால் கீறிப் பாருங்கள்.

ஈரத்தோடு கட்டினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேறும், பூசணம் பிடிக்கும், கடைசியில் தானாகவே தீப்பற்றவும் கூடும். உப்பு தூவினால் சரியாகிவிடும் என்று நம்பி ஈரக் கட்டுகளைக் கொட்டகையில் அடுக்காதீர்கள். முதல் ஆறு வாரம் வரை ஆபத்து உண்டு. முனை கூராக்கிய இரும்புக் குழாயைப் புல்போரின் (அடுக்கிய கட்டுகளின்) நடுவரை செருகி, அதற்குள் கயிற்றில் வெப்பமானியை இறக்கிப் பாருங்கள். 55 டிகிரி செல்சியஸ் என்றால் தினம் இருமுறை பார்க்க வேண்டும். 65 என்றால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை. 80-ஐ நெருங்கினால் போரைப் பிரிக்கவே கூடாது, காற்றுப் பட்டதும் குப்பென்று எரியும். முதலில் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். போரின்மேல் ஏறவும் வேண்டாம். உள்ளே வெந்து குழிந்திருந்தால் ஆள் உள்ளே போய்விடுவார்.

ஊறுகாய்ப்புல்லாகச் சுற்றும் கட்டுக்கு 50 முதல் 60 சதவீத ஈரம் பொருந்தும். ஒரு பிடி புல்லை முறுக்கும்போது நீர் சொட்டினால் இன்னும் வாட வேண்டும். உள்ளங்கை ஈரமானால் போதும். கட்டிய அன்றே ஆறு அடுக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றுங்கள். சின்ன ஓட்டை வழியாகக் காற்று போனாலும் கெட்டுவிடும், உடனே ஒட்டுங்கள்.

மேய்ச்சல் நிலத்தில் குளம்பு புதைந்தால் மாடுகளை வெளியேற்றுங்கள். ஒரு பகுதியை மட்டும் மிதிபடவிட்டு, தீவனத்தை அங்கேயே போட்டால் மற்ற இடம் தப்பும். தொடர்ந்து சேற்றில் நின்றால் குளம்பழுகல் வரும், நிற்க மேடான இடம் கொடுங்கள்.

வயலில் ஓர் உருண்டை மண்ணை அழுத்திப் பாருங்கள். உதிராமல் நாடாபோல் நீண்டால் டிராக்டர் இறங்கக் கூடாது. மண் இறுகுவதில் பெரும்பகுதி சக்கரத்தின் முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடும். வெதுவெதுப்பான மண்ணில் இரண்டு மூன்று நாள் நீர் தேங்கினாலே தழைச்சத்து வாயுவாகிப் போகத் தொடங்கும். முதலில் வடிகாலைத் திறந்து நீரை வடியுங்கள். வேர் மூச்சுவிட்டு இலை நிமிர்ந்த பிறகு யூரியாவைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுங்கள்.