பழைய காரில் புதுச் சத்தமா?
முதலில் இன்ஜின் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் குறைந்தாலே இன்ஜின் வால்வுகளை இயக்கும் டேப்பெட் 'டிக் டிக்' என்று தட்ட ஆரம்பித்துவிடும். சரி, ஆயில் போதுமான அளவு இருக்கிறது, சத்தமும் இருக்கிறது என்றால் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுங்கள். இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓடட்டும். முனையை வால்வு கவர் (இன்ஜினின் மேல் மூடி), ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக ஊன்றி, கைப்பிடியைக் காதோர எலும்பில் அழுத்திக் கேளுங்கள். பேரிங் போன இடத்தில் சரளைக்கல் உருள்வது போல 'கரகர' என்று தெளிவாகக் கேட்கும். துப்பட்டாவோ தொங்கும் சட்டையோ ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது, ஜாக்கிரதை.

கீச்சுக் கீச்சென்று கத்தினால் பெல்ட்டின் மேல்தான் சந்தேகம். ஓடும் பெல்ட்டில் எட்டி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். சட்டென அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் கோணலாக ஓடுகிறதா, தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காலையில் 'டிக் டிக்', சூடானதும் காணோம் என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டில், அதாவது புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள அடைப்புத் தகட்டில், கசிவு இருக்கலாம். இது தெரியாமல் நான் இரண்டு தடவை டேப்பெட் செட் பண்ணினேன்!

அடியிலிருந்து கனமாக 'டங் டங்' என்று வந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.