துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது: ஏர் ரைஃபிளில் இருந்து மெஷின் கன் வரை

வெளிநாட்டு டூர் போய் வருகிறவர்கள் மெஷின் கன் சுட்ட வீடியோவை வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்த பிறகு, சேலத்துப் பசங்க கேட்கிற கேள்விகள் இரண்டு: அதை இங்கே எங்கே சுடலாம், எப்படிப் பிடிக்கணும்? முதல் கேள்விக்குப் பதில், இங்கே எங்கேயும் சுட முடியாது. விசையை அழுத்திக்கொண்டிருக்கும் வரை தொடர்ந்து சுடுகிற எந்தத் துப்பாக்கியும் 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ஆயுதம். சாதாரண லைசென்ஸ் அதற்குச் செல்லாது, ரைஃபிள் கிளப்பிலும் அதை வாடகைக்குத் தர மாட்டார்கள். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் போனால் கிடைக்கும், வியட்நாமில் கூச்சி சுரங்கத்தைப் பார்க்கப் போனால் பக்கத்திலேயே இருக்கிற ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், தோட்டா கணக்கில் காசு கட்டிச் சுடலாம்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி, அதற்கான பயிற்சியை சேலத்திலேயே தொடங்கலாம். அந்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சுடுகிறவர் பின்னால் சாய்ந்து நிற்பார், துப்பாக்கியின் பின்பக்கக் கட்டை தோளில் சரியாகப் பதிந்திருக்காது, மூன்றாவது தோட்டாவிலேயே குழல் வானத்தைப் பார்க்கும். அவருக்குப் பலம் குறைவு என்று நினைக்காதீர்கள். துப்பாக்கியின் பின்னுதைப்பு உடம்பின் எந்த இடத்தில் இறங்குகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் சொல்லப்போவது மொத்தமும் இதைச் சுற்றித்தான். எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதைத் துப்பாக்கிதான் முடிவு செய்யும். ஆனால் எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் பிடி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கணும்.

காற்றழுத்தத்தில் சுடுகிற ஏர் ரைஃபிளில் இருந்து ஆரம்பியுங்கள். பாயிண்ட் 177, அதாவது 4.5 மில்லிமீட்டர் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு), குழல் முனையில் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்றால் இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை, அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். லைசென்ஸ் இல்லை என்பதால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பெல்லட் 200 மீட்டரைத் தாண்டியும் போகும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். அம்மாபேட்டை மாதிரி வீட்டோடு வீடு ஒட்டின தெருவில் மொட்டை மாடியில் நின்று சுடுவது கூடவே கூடாது. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லணும். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கிற நண்பர் வீட்டுக்கு ரைஃபிளை எடுத்துப்போய்க் குருவி, அணில் சுடுவதை சிலர் பொழுதுபோக்கு என்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் இருந்தே இருக்கிறது, ஜெயிலுக்குப் போகிற விஷயம். சட்டமே இல்லாவிட்டாலும் காபிச் செடிக்குள் யார் குனிந்து களை எடுக்கிறார்கள் என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. சேர்வராயன் மலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. காகிதத்தை மட்டும் சுடுங்கள், பின்னால் மண் மேடோ இரும்புத் தகடோ உள்ள முறையான ரேஞ்சில் சுடுங்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் பெரும்பாலும் ஸ்பிரிங் ரைஃபிள்தான் இருக்கும், குழலை மடித்து லோடு செய்கிற வகை. முதல் குழப்பமே இதில்தான். விசையை இழுத்ததும் உள்ளே இருக்கிற பிஸ்டன் முன்னால் பாயும், அதனால் துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டியதும் துப்பாக்கி முன்னால் இழுக்கும். இந்த ஆட்டம் பெல்லட் குழலை விட்டு வெளியே போவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். நீங்கள் இறுக்கிப் பிடித்தால் அந்த ஆட்டத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் உங்கள் பலம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், பெல்லட்டும் அதற்குத் தகுந்த மாதிரி ஒவ்வொரு இடத்துக்குப் போகும். அதனால் இதைத் தளர்வாகத்தான் பிடிக்கணும். இடது உள்ளங்கையை விரித்து, தாம்பாளத்தை ஏந்துகிற மாதிரி துப்பாக்கியை அதன் மேல் வையுங்கள், விரல்களை மடக்காதீர்கள். கட்டை தோளைத் தொட்டால் போதும், வலது கையும் லேசாக இருக்கட்டும். துப்பாக்கி தன் போக்கில் குதித்துக்கொள்ளட்டும். உள்ளங்கை துப்பாக்கியின் எந்த இடத்தில் இருந்தால் பெல்லட்டுகள் நெருங்கி விழுகின்றன என்று ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள், அந்த இடம் கிடைத்ததும் கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் வேலை பார்க்கிற தம்பி ஒருவன் ரேஞ்சுக்கு வருவான். ஆரம்பத்தில் அவனும், "எவ்ளோ இறுக்கிப் புடிச்சாலும் ஆடுதுங்ண்ணா" என்றுதான் சொன்னான். கையைப் பார்த்தேன், இடது கை விரல் மூட்டெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. "இறுக்குறதாலதான் ஆடுது தம்பி, கையைத் திற" என்றதும் விரல்களை விரித்தான். கொலுசுக்குப் பொடி வைக்கிற கை அது, அதற்கப்புறம் அவனுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கவில்லை. அடுத்த ஐந்து பெல்லட்டையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங் ரைஃபிளைப் பெல்லட் இல்லாமல் சுட்டுப் பழகாதீர்கள், உள்ளே சீல் கிழிந்துவிடும். லோடு செய்யும்போது மடித்த குழலை ஒரு கையால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கை நழுவிக் குழல் திரும்ப அடித்தால் விரல் நசுங்கும்.

போட்டிக்குப் போகிறவர்கள் பயன்படுத்துவது காற்றை முன்பே சிலிண்டரில் அடைத்து வைக்கிற மேட்ச் ரைஃபிள். அதில் உதைப்பு இல்லவே இல்லை என்று சொல்லலாம், எடை மட்டும் 5.5 கிலோ வரை இருக்கலாம். 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்குவதும் இதே பிரிவில். இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குறி பார்க்கிற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் 75 சென்டிமீட்டர் இருந்தால், முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் 10 மீட்டரில் பெல்லட் 13 மில்லிமீட்டர் தள்ளிப் போகும், பத்து ஐந்தாகிவிடும். தசை பலத்தால் ஒரு மில்லிமீட்டரை யாராலும் கட்டுப்படுத்த முடியாது, தசை என்றால் நடுங்கத்தான் செய்யும். எலும்பு நடுங்காது. எனவே எடையை எலும்பில் இறக்க வேண்டும்.

வலது கைக்காரருக்குச் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். இலக்குக்கு இடது பக்கவாட்டைக் காட்டி நில்லுங்கள், கால்கள் தோள் அகலம். இடுப்பைக் கொஞ்சம் இலக்குப் பக்கம் தள்ளி, மேல் உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால், இடது முழங்கை தானாக இடுப்பு எலும்பின் மேலோ விலாவின் மேலோ வந்து உட்காரும். கை நீளத்தைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும், எட்டாத இடத்துக்குக் கஷ்டப்பட்டு முழங்கையைக் கொண்டுபோக வேண்டாம். முழங்கையில் இருந்து மேலே முன்கை நேராக ஒரு தூண், அதன் உச்சியில் முஷ்டியோ உள்ளங்கையோ, அதன் மேல் துப்பாக்கி. இடது கைக்கு இதைத் தவிர வேறு வேலை கிடையாது.

வலது கையில்தான் பிடி என்பதே இருக்கிறது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் கைப்பிடியைச் சுற்றி, நேராகத் தோள் பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கணும், பக்கவாட்டில் முறுக்கக் கூடாது. தெரிந்தவரோடு கை குலுக்குகிற அழுத்தம் போதும். கட்டைவிரலை ஓரமாக வையுங்கள், அழுத்த வேண்டாம். ஆள்காட்டி விரல் துப்பாக்கியின் உடம்பில் எங்கேயும் உரசாமல் தனியாக நிற்க வேண்டும், அதன் முதல் கணுவின் சதைப்பகுதி மட்டும் விசையைத் தொடணும். உள் மடிப்பு வரை விரலை நுழைத்தால் விசை இழுபடும்போதே துப்பாக்கி பக்கவாட்டில் திரும்பும். சேலம் வெயிலில் சித்திரை, வைகாசி மாதங்களில் உள்ளங்கை வியர்த்து வழுக்கும், வழுக்கினால் நம்மை அறியாமலே இறுக்குவோம். ஒரு காட்டன் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துவிடுங்கள்.

கன்னம் எப்போதும் கட்டையின் ஒரே இடத்தில் பதியட்டும். தலையைத் துப்பாக்கியிடம் கொண்டுபோகாமல் துப்பாக்கியைத் தலையிடம் கொண்டுவாருங்கள். கட்டையின் பின்பக்கம் மார்புக்கும் தோள் மூட்டுக்கும் நடுவே இருக்கிற குழியில் உட்காரணும், காறை எலும்பின் மேலோ புஜத்தின் மேலோ அல்ல.

நான் மிக முக்கியமாக நினைப்பது இதற்கப்புறம் வருவதைத்தான், பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். குறி பார்த்து நின்றதும் கண்ணை மூடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், கண்ணைத் திறங்கள். சைட் இலக்குக்கு வலது பக்கம் போயிருந்தால் கையால் இழுத்துச் சரி செய்யாதீர்கள், பின்னங்காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மறுபடியும் கண்ணை மூடித் திறங்கள். உடம்பு சும்மா இருக்கும்போதே சைட் இலக்கில் நிற்கும் வரை இதைச் செய்யணும். கையால் இழுத்து வைத்த குறி, விசையை இழுக்கும் நொடியில் பழைய இடத்துக்கே போய்விடும். படுத்துச் சுடும்போது இடது முழங்கையை அசைக்காமல் அதை அச்சாக வைத்து மொத்த உடம்பையும் திருப்புங்கள். என்.சி.சி.யில் பாயிண்ட் 22 டீலக்ஸ் ரைஃபிளை 25 கெஜத்தில் சுட்டவர்களுக்கு இந்தப் படுக்கை தெரிந்திருக்கும். அந்த ரைஃபிளின் உதைப்பு சின்னதுதான், தோளில் நன்றாகப் பதித்து ஒரே அளவு அழுத்தத்தில் பிடித்தால் போதும்.

மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு எடுக்கும் முன் வருகிற இடைவெளியில் சுடுங்கள். ஏழெட்டு நொடிக்குள் விசை இழுபடவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். கௌரவம் பார்க்காமல் இறக்குவதுதான் நல்ல பழக்கம். சுட்ட பிறகும் ஒரு நொடி அப்படியே நில்லுங்கள்.

சரி, இவ்வளவும் பழகிவிட்டு ஒருநாள் லாஸ் வேகாஸ் ரேஞ்சில் போய் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். இங்கே எல்லாம் தலைகீழ். நிமிடத்துக்கு 600 தோட்டா சுடுகிற ஏ.கே. 47 ஒரு நொடிக்குப் பத்து சுடும், 30 தோட்டா அடைக்கிற மேகசின் மூன்றே நொடியில் காலி. ஒவ்வொரு தோட்டாவும் குழலின் நேர்கோட்டில் பின்னால் உதைக்கிறது, உங்கள் தோள் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, அதனால்தான் முனை மேலே எழும்புகிறது. முதல் உதைப்பில் இருந்து உடம்பு மீள்வதற்குள் இரண்டாவது வந்துவிடும்.

அதனால் தளர்வாகப் பிடிக்கிற கதையே இங்கே கிடையாது, பின்னால் சாயவும் கூடாது. இலக்கை நேராகப் பார்த்து நில்லுங்கள், இடது கால் ஒரு அடி முன்னால், முழங்கால் லேசாக மடங்கி, மூக்கு முன்னங்கால் விரலுக்கு நேராக வருகிற அளவுக்கு உடம்பு முன்னால் சாயணும். கட்டையைத் தோள் குழியில் அழுத்தமாகப் பதியுங்கள். இடது கையை முன்கட்டையில் எவ்வளவு முன்னால் வைக்க முடியுமோ அவ்வளவு முன்னால் வைத்து, நான்கு விரலும் சுற்றிப் பிடித்துத் தோள் பக்கம் இழுங்கள். மரக்கட்டையைத் தாண்டி உலோகத்தைத் தொட்டுவிடாதீர்கள், சில மேகசின் சுட்டதும் தோல் வெந்துவிடுகிற சூடு இருக்கும். முழங்கைகள் இறக்கை மாதிரி விரியாமல் கீழே இருக்கட்டும். விசையை ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காமல் இரண்டு மூன்று தோட்டாவுக்கு ஒருமுறை விடுங்கள். முனை ஏற ஆரம்பித்தது தெரிந்தால் சமாளிக்கப் பார்க்க வேண்டாம், விரலை எடுத்துவிடுங்கள்.

கூச்சியில் துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தியே வைத்திருப்பார்கள், முனை ஏறுகிற தொல்லை அவ்வளவாக இல்லை. அங்கே தோளும் கன்னமும் சரியாக இருந்தால் போதும்.

கையில் தூக்கிச் சுடுகிற இடம் என்றால் பயிற்றுநரிடம் தயங்காமல் கேளுங்கள்: முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுக் கொடுங்கள், அப்புறம் இரண்டு, அதற்கப்புறம் மேகசின். 2014ல் அரிசோனாவில் ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் ஊஸி துப்பாக்கியைக் கொடுத்துத் தொடர்ந்து சுடுகிற நிலையில் வைத்தார்கள். முனை எழும்பித் திரும்பியதில் பக்கத்தில் நின்ற பயிற்றுநரே இறந்துபோனார். ஊஸி மாதிரி குட்டையான துப்பாக்கிகளில் குழல் கொஞ்சம் திரும்பினாலே ஆட்களின் பக்கம் போய்விடும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். அவர்கள் ஆசைப்பட்டால் ஊருக்கு வந்து பெரியவர்கள் கூட இருக்க ஏர் ரைஃபிள் பழகட்டும்.

காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் சுடும் இடத்துக்குள்ளேயே போகாதீர்கள். ஏ.கே. மாதிரி ரைஃபிளின் சத்தம் 150 டெசிபலுக்கு மேல், ஒரே ஒரு வெடியில் காது நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். கழுத்துவரை மூடிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெளியே தெறிக்கிற சூடான காலித் தோட்டா சட்டைக்குள் விழுந்தால் கையில் இருக்கிற துப்பாக்கியோடு திரும்பிக் குதிப்பீர்கள், ரேஞ்சில் ஆபத்து அப்படித்தான் வருகிறது. தோட்டாவிலும் பெல்லட்டிலும் ஈயம் இருக்கிறது, எனவே முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவின பிறகுதான் தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்கணும்.