அந்தி மந்தாரை விதையில் என்ன நிறம் வரும்?

பினாங்கில் பிறை என்ற ஊரில், எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் பன்னிரண்டு தொட்டிகள் இருக்கின்றன. பன்னிரண்டிலும் அந்தி மந்தாரைதான். மலாய்க்காரர்கள் இதைப் ‘புங்கா புக்கூல் அம்பாட்’ என்பார்கள், நாலு மணிப் பூ. மரபுக் கணக்கைக் கையால் செய்து பழக இதைவிட நல்ல செடி எனக்குத் தெரிந்து இல்லை. பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபு விதிகளைக் கண்டவர் மெண்டல். 1900இல் அவருடைய விதிகளை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான கார்ல் கோரென்ஸும் இதை வைத்துத்தான் ஆய்வு செய்தார்.

ஒரு சிவப்புச் செடி, ஒரு வெள்ளைச் செடி எடுங்கள். மஞ்சளும் வரி விழுந்ததும் வேண்டாம், கணக்கு சிக்கலாகிவிடும். இரண்டின் விதையையும் தனித்தனியே போட்டு ஒரு தலைமுறை வளர்த்துப் பாருங்கள். சிவப்பின் பிள்ளைகள் எல்லாம் சிவப்பாகவும், வெள்ளையின் பிள்ளைகள் எல்லாம் வெள்ளையாகவும் பூத்தால்தான் அவை தூய செடிகள். இந்தப் படியைத் தாண்டியவர்கள்தான் பிறகு “மெண்டல் கணக்கு சரிவரவில்லை” என்கிறார்கள்.

அப்புறம் கலப்பு. அன்று மலரப்போகிற மொட்டு மதியத்திலேயே நீண்டு, நிறம் ஏறி நிற்கும். மூன்று மணிக்குள் அதை ஊசியால் மெல்லக் கீறி, உள்ளே இருக்கும் ஐந்து மகரந்தத் தாள்களையும் கிள்ளிவிடுங்கள். நடுவில் உள்ள சூல்தண்டின் மேல் ஊசி படக்கூடாது. தாளை ஏன் எடுக்கிறோம் என்றால், இந்தப் பூ வாடும்போது தாளும் தண்டும் ஒன்றாகச் சுருண்டு, தன் மகரந்தத்தைத் தானே பூசிக்கொள்ளும். மாலையில் மற்றச் செடியின் பூ மலர்ந்ததும் அதன் மகரந்தத்தைச் சூல்தண்டின் நுனியான சூல்முடியில் தொட்டு வையுங்கள். அந்துப்பூச்சி வராமல் காயவைத்த தேயிலைப் பை ஒன்றைத் தொப்பி மாதிரி மாட்டி, காம்பில் நூல் கட்டுங்கள். ஒரு பூவுக்கு மிளகு போல ஒரே ஒரு கறுப்பு விதைதான். அதனால் பல நாள் செய்ய வேண்டும்.

இனி கணக்கு. ஒவ்வொரு செடியிலும் நிறத்துக்கு இரண்டு மரபணுப் பிரதிகள் உண்டு. பிள்ளைக்குப் போவது அதில் ஒன்று. சிவப்புச் செடி சி-சி, வெள்ளைச் செடி வெ-வெ. முதல் தலைமுறை முழுவதும் சி-வெ, எல்லாம் இளஞ்சிவப்பு. பட்டாணியாக இருந்தால் ஒரு நிறம் மற்றதை மறைத்துவிடும். இங்கே இரண்டும் நடுவில் சந்திக்கின்றன. இளஞ்சிவப்பை அதனுடனேயே சேர்த்தால் என்ன வரும் என்று பார்க்க, நான்கு அறைக் கட்டம் போடுங்கள். மேலே சி, வெ. பக்கத்தில் சி, வெ. உள்ளே விழுவது ஒரு சி-சி, இரண்டு சி-வெ, ஒரு வெ-வெ. அதாவது 1:2:1.

நாலு விதை போட்டால் ஒன்று வெள்ளை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு விதையும் தனிக் குலுக்கல். எட்டு விதை போட்டும் வெள்ளையே வராமல் போகப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பதினாறு போட்டால் அது நூறில் ஒன்றாகக் குறையும். மெண்டல் 7,324 பட்டாணி விதைகளை எண்ணினார்: 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். பட்டாணியில் உருண்டை சுருக்கத்தை மறைத்துவிடுவதால் 1:2:1 அங்கே மூன்றுக்கு ஒன்றாகத் தெரியும். அத்தனையும் எண்ணியதால்தான் அந்த மூன்றுக்கு ஒன்று என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இதே கட்டம் எண்ணெய் தரும் செம்பனையிலும் ஓடுகிறது. கொட்டையின் ஓடு தடித்த வகை டூரா, ஓடில்லாத வகை பிசிபெரா. இரண்டையும் கலந்தால், நம் இளஞ்சிவப்பு மாதிரி, எல்லாம் மெல்லிய ஓட்டு டெனெரா. எண்ணெய் அதிகம் தருவது அதுதான். நிபோங் திபாலில் என் சித்தப்பா, நல்ல டெனெரா மரங்களின் அடியில் தானாக முளைத்த நாற்பது கன்றுகளை எடுத்து நட்டார். தாய் நல்ல மரம், பிள்ளையும் அப்படித்தானே என்று நம்பினார். தாயும் தந்தையும் டெனெரா என்று வைத்துக் கட்டம் போட்டிருந்தால், சுமார் பத்து டூரா, இருபது டெனெரா, பத்து பிசிபெரா என்று நடும் முன்பே தெரிந்திருக்கும். அவருக்கு வந்தது பதினொன்று, இருபத்தொன்று, எட்டு. அந்த எட்டு மரத்திலும் குலை பழுக்காமலே அழுகியது. பிசிபெராவின் பெண்பூ பெரும்பாலும் மலடு. நான்கு வருட உரமும் உழைப்பும் அதில் போயிற்று.

ஓட்டுத் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவை மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் 2013இல் அடையாளம் கண்டார்கள். இப்போது கன்றின் இலையைச் சோதித்தே சொல்லிவிடலாம். சித்தப்பா காலத்தில் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுதான் வழி. கொட்டையைச் சுற்றிக் கறுப்பு நார் வளையம் தெரிந்தால் அது டெனெரா.