மருத்துவப் படிப்பையும் சொந்த வாழ்க்கையையும் சேர்த்து நடத்துவது எப்படி? முதல் வருட மாணவர்களுக்கு ஒரு செய்முறை

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் பலரும் போடும் கணக்கு இதுதான்: பாடம் மலையளவு இருக்கிறது, தூக்கத்தையும் நண்பர்களையும் குறைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். இந்தக் கணக்கு ரொம்ப நாள் ஓடாது. குறைக்க வேண்டியது, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நேரத்தைத்தான்.

படி 1: தூக்கத்தை முதலில் குறியுங்கள்

வார அட்டவணை போடும்போது பாடத்துக்கு முன்னால் தூக்கத்தை எழுதுங்கள். பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். பகலில் படித்தது மூளையில் நிலைக்க உறக்கம் பெரிதும் உதவுகிறது. இரவெல்லாம் விழித்துப் படித்தால், படித்ததே கைக்கு வராமல் போகும். காபி விஷயத்திலும் கவனம் தேவை. உள்ளே போன கஃபீனில் பாதி குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்தது 11 மணிக்கும் உங்களை விடாது.

படி 2: இரண்டு நேரங்களை விட்டுக்கொடுக்காதீர்கள்

ஒன்று உடம்புக்கு, ஒன்று மனிதர்களுக்கு. நடையோ விளையாட்டோ, எதுவானாலும் கிழமையும் மணியும் போட்டு எழுதுங்கள். "நேரம் கிடைத்தால் பார்க்கலாம்" என்றால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "வாரநாளில் போன் எடுக்க முடியாது, ஞாயிறு காலையில் நானே கூப்பிடுகிறேன்." இப்படிச் சொல்லிவிட்டால் அவர்களும் கவலைப்பட மாட்டார்கள், உங்களுக்கும் குற்ற உணர்ச்சி இருக்காது.

படி 3: வாசிப்பதைக் குறைத்து, நினைவிலிருந்து எடுங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் கிடைப்பது இந்தப் படியால்தான். அனாட்டமியில் பிரேக்கியல் பிளெக்ஸஸை, அதாவது கைக்குப் போகும் நரம்புகளின் பின்னலை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு முறை கவனமாக வாசியுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் தண்டுவடத்திலிருந்து வரும் சி5 முதல் டி1 வரை ஐந்து ரூட், மூன்று ட்ரங்க், ஆறு டிவிஷன், மூன்று கார்டு, கடைசியில் ஐந்து முக்கிய நரம்புகள் என்று வரைந்து பாருங்கள். நடுவில் எங்கேயாவது கை நின்றுவிடும். நிற்கட்டும், கொஞ்சம் யோசியுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் சேருங்கள். அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று புதுத்தாளில் மறுபடி வரையுங்கள். சிவப்பு குறைந்துகொண்டே வருவது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

உளவியல் ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், படித்த ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. வாசித்த உடனே "தெரிந்துவிட்டது" என்று தோன்றுவதை நம்பாதீர்கள். மருந்துப் பெயர்கள் மாதிரி உதிரித் தகவல்களுக்கு, கேள்வி-பதில் அட்டைகளைக் காட்டும் ஆன்கி செயலி போதும். எதை எப்போது திருப்பிக் கேட்க வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரே நாளில் ஏகப்பட்ட புது அட்டைகளைச் சேர்த்தால், அடுத்த வாரம் அத்தனையும் சேர்ந்து வந்து நிற்கும்.

படி 4: வார்டு போஸ்டிங் (மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக் கற்கும்) நாட்களில்

அன்றைக்குப் பெரிய திட்டம் போடாதீர்கள். காலையில் பார்த்த ஒரு நோயாளியின் நோயைப் பற்றி மட்டும் இரவில் படியுங்கள். முகத்தோடு சேர்ந்து படித்தது எளிதில் மறக்காது. களைப்பாக இருந்தால் அதோடு படுத்துவிடலாம்.

படி 5: தாங்க முடியவில்லை என்றால்

இது பலவீனம் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஒரு கட்டுரை, மருத்துவ மாணவர்களில் சுமார் 27 சதவீதம் பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகக் கணக்கிட்டது. உங்கள் வகுப்பிலேயே உங்களைப் போல இன்னும் சிலர் இருக்கக்கூடும். பிடித்ததில்கூட ஆர்வம் இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரமாக அப்படியே இருந்தால் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால், அந்த நிமிடமே பக்கத்து அறையில் இருப்பவரையாவது எழுப்பிச் சொல்லுங்கள். தனியாக இருக்காமல், அவரையும் கூட்டிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.