மார்த்தா ஸ்டூவர்ட் கதையைச் சொல்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில் தொடங்க நினைக்கும் பெண்களுக்கான பேச்சுகளில் மார்த்தா ஸ்டூவர்ட்டின் பெயர் அடிக்கடி வரும். பெரும்பாலும் இரண்டே வரியில் அவர் கதை முடிந்துவிடும்: அமெரிக்காவில் சமையலறையிலிருந்து புறப்பட்டுப் பெரும் கோடீஸ்வரியான இல்லத்தரசி, உள்தகவலை வைத்துப் பங்கு விற்றதற்காக ஜெயிலுக்குப் போய் மீண்டு வந்தவர். இரண்டு வரியிலுமே பிழை இருக்கிறது. அப்படிச் சொன்னால், அவர் எதனால் உயர்ந்தார், எதனால் விழுந்தார் என்ற இரண்டு கேள்விக்கும் தவறான பதில்தான் கேட்பவர் காதில் விழும். ஒருவர் வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் காட்டுவதென்றால் கொஞ்சம் சிரமம் எடுத்துச் சரியாகக் காட்ட வேண்டும்.

"சாதாரண இல்லத்தரசி" என்று தொடங்குவது

மார்த்தா ஹெலன் கோஸ்டிரா 1941 ஆகஸ்ட் 3 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில், போலந்து வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் ஆறு பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தார். வளர்ந்தது நட்லி என்ற ஊரில். தோட்ட வேலையை அப்பாவிடமும், சமையலையும் தையலையும் அம்மாவிடமும் கற்றுக்கொண்டார். இதுவரை எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து ஒரே தாவலில் 1976-க்குப் போய்விடுவார்கள். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்ட்போர்ட் வீட்டின் நிலவறையில் அவர் கேட்டரிங் தொடங்கிய காட்சிக்கு.

நடுவில் விடுபடுவதுதான் முக்கியம். பர்னார்ட் கல்லூரியில் படிக்கும்போதே மாடலிங் செய்து சம்பாதித்தவர் அவர். திருமணமாகி, 1965-இல் மகள் பிறந்த பிறகு, 1960களின் இறுதியில் நியூயார்க்கில் பங்குத் தரகர் வேலைக்குப் போனார். பெண்கள் மிகக் குறைவாக இருந்த துறை அது. நிறுவனங்கள் எப்படி மதிப்பிடப்படுகின்றன, பங்கு ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது என்பதையெல்லாம் அங்கே நேரில் பார்த்துவிட்டுத்தான், 1970களின் தொடக்கத்தில் வேலையை விட்டு, 1805-இல் கட்டிய பழைய பண்ணை வீடொன்றைச் செப்பனிட வெஸ்ட்போர்ட்டுக்குப் போனார். கணக்கும் சந்தையும் தெரிந்த ஒருவர் கேக் செய்யவும் கற்றிருந்தார் என்று பார்த்தால், பின்னால் நடந்தது எல்லாம் புரியும். கை மணத்தால் மட்டுமே வென்றவர் என்று பார்த்தால் ஒன்றும் புரியாது.

தனி ஆளாகச் செய்தார் என்பது

கேட்டரிங் தொழிலைத் தொடங்கியபோது மாடலிங் காலத்துத் தோழி நார்மா காலியர் கூட்டாளியாக இருந்தார். ஒத்துவராமல் சீக்கிரமே பிரிந்தார்கள். தோழியின் பங்கை மார்த்தா வாங்கிக்கொண்டார். கணவர் ஆண்ட்ரூ பதிப்புத் துறையில் இருந்ததால், ஒரு புத்தக வெளியீட்டு விருந்துக்குச் சமைக்கும் வாய்ப்பு வந்தது. அங்கே சந்தித்த பதிப்பாளர் மூலம்தான் 1982-இல் அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது. அந்தப் புத்தகத்தை எழுதுவதில் எலிசபெத் ஹாஸ் என்ற எழுத்தாளர் துணை நின்றார். பின்னால் நிறுவனம் அமைத்தபோது ஷரன் பேட்ரிக் இருந்தார். இவர்களைச் சொன்னால் மார்த்தாவின் உழைப்பு குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால், உதவி கேட்பதே தோல்வி என்று நினைக்கும் ஒரு புது முதலாளி வீணாகத் தவிப்பார்.

பத்திரிகையையும் டிவியையும் மட்டும் பார்ப்பது

1987-இல் கேமார்ட் கடைகளுடன் ஒப்பந்தம், 1990-இல் 'மார்த்தா ஸ்டூவர்ட் லிவிங்' பத்திரிகை, 1993-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று வரிசையாக அடுக்குவது வழக்கம். பத்திரிகை உச்சத்தில் இருபது லட்சம் பிரதி விற்றது உண்மைதான். ஆனால் அது தொடக்கத்தில் டைம் நிறுவனத்தின் சொத்து. அட்டையில் பெயர் இவருடையது, உரிமை வேறொருவருடையது. இந்த நிலையை மாற்றுவதற்கு அவர் எடுத்த முடிவுதான் அவர் தொழில் வாழ்க்கையின் திருப்பம். 1997-இல் பேட்ரிக்குடன் சேர்ந்து, பத்திரிகை, டிவி, கடைப் பொருட்கள் என்று சிதறிக் கிடந்தவற்றை வாங்கி ஒரே நிறுவனமாக்கினார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1999 அக்டோபர் 19 அன்று அது நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. காலையில் சந்தைக்கு வந்தவர்களுக்குப் பிரியோஷ் ரொட்டியும் அப்போதே பிழிந்த ஆரஞ்சு ரசமும் பரிமாறினார்கள். 18 டாலருக்கு வெளியிட்ட பங்கு மாலையில் கிட்டத்தட்ட இரட்டிப்பு விலையில் நின்றது. சுயமாக உழைத்து 100 கோடி டாலர் சொத்தை எட்டிய முதல் அமெரிக்கப் பெண் என்று அன்றைக்குப் பேசப்பட்டார். அந்தச் சொத்து பங்கு விலையில் இருந்த சொத்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விலை இறங்கினால் பட்டமும் இறங்கும், பிறகு இறங்கவும் செய்தது.

"இன்சைடர் டிரேடிங்குக்காக ஜெயிலுக்குப் போனார்" என்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. (இன்சைடர் டிரேடிங் என்றால், பொதுவில் வெளிவராத உள்தகவலை வைத்துப் பங்கு வாங்குவது, விற்பது.) படித்தவர்கள்கூடக் கூசாமல் எழுதுகிறார்கள்.

2001 டிசம்பர் 27. மெக்சிகோவுக்கு விடுமுறைக்குப் போகும் வழியில் அவருடைய விமானம் எரிபொருள் நிரப்ப டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இறங்குகிறது. அங்கிருந்து அலுவலகத்துக்கு போன் செய்கிறார். தரகர் பீட்டர் பகனோவிச் அன்று காலை ஒரு செய்தி விட்டிருந்தார்: இம்க்ளோன் என்ற மருந்து நிறுவனத்தின் பங்கு இறங்கத் தொடங்கும் என்று தான் நினைப்பதாக. தரகரின் அலுவலகத்தை அழைத்தபோது, இம்க்ளோன் தலைவர் சாம் வாக்சல் குடும்பத்தினர் தங்கள் பங்குகளை விற்கிறார்கள் என்று அங்கிருந்த உதவியாளர் சொன்னார். வாக்சல் மார்த்தாவின் நண்பர். மார்த்தா தன்னிடமிருந்த 3,928 பங்குகளையும் விற்கச் சொன்னார். அந்த நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான எர்பிடக்ஸுக்கான விண்ணப்பத்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஏற்கவில்லை என்பது மறுநாள்தான் வெளியே வந்தது. அவர் தவிர்த்த நஷ்டம் ஏறத்தாழ 45,000 டாலர். அவருடைய சொத்துக்கு முன்னால் அது ஒரு தொகையே இல்லை.

இந்த விற்பனைக்காக அவர்மீது இன்சைடர் டிரேடிங் கிரிமினல் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. விசாரணை வந்தபோது, பங்கு 60 டாலருக்குக் கீழே போனால் விற்றுவிடலாம் என்று தரகருடன் முன்பே பேசி வைத்திருந்ததாகச் சொன்னார். அந்த விளக்கம்தான் அவரைச் சிக்க வைத்தது. 2002 ஜனவரி 31 அன்று, தன் உதவியாளரின் கணினியில் இருந்த அந்தத் தொலைபேசிச் செய்தியைத் திறந்து, விலை இறங்கும் என்ற பகுதியை அழித்துவிட்டு, 'இம்க்ளோன் தொடர்பாக' என்ற அளவில் மாற்றினார். உடனேயே மனம் மாறி, பழையபடியே போடச் சொன்னார். உதவியாளர் இதை நீதிமன்றத்தில் சாட்சியாகச் சொல்லவேண்டி வந்தது.

2003 ஜூன் 4 அன்று குற்றப்பத்திரிகை தாக்கலானது. அன்றே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதில் பங்கு மோசடிக் குற்றச்சாட்டு ஒன்றும் இருந்தது. ஆனால் அது இம்க்ளோன் விற்பனையைப் பற்றியது அல்ல. நான் தவறு செய்யவில்லை என்று பொதுவில் சொல்லித் தன் சொந்த நிறுவனப் பங்கின் விலையைத் தாங்கிப் பிடித்தார் என்பது வாதம். நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். 2004 மார்ச் 5 அன்று நிரூபணமானவை: கூட்டுச் சதி, விசாரணைக்கு இடையூறு, விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்னது. ஐந்து மாதச் சிறை, ஐந்து மாத வீட்டுக்காவல், 30,000 டாலர் அபராதம்.

அப்படியானால் இன்சைடர் டிரேடிங் பேச்சே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் சிவில் வழக்காக அதைத் தொடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2006-இல் சமரசம் செய்துகொண்டு, சுமார் 195,000 டாலர் கட்டினார். பட்டியலிடப்பட்ட எந்த நிறுவனத்திலும் ஐந்து ஆண்டுகளுக்கு இயக்குநராக இருக்கக்கூடாது என்பதையும் ஏற்றார். 45,000 டாலரைக் காப்பாற்றப் போய்க் கொடுத்த விலையை இந்த ஒரு ஒப்பந்தத்திலேயே பார்க்கலாம்.

இன்னொன்று: மேல்முறையீட்டில் தோற்றதால் உள்ளே போனார் என்பார்கள். அவர் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, தண்டனையை முடித்துவிடுகிறேன் என்று தானாகக் கேட்டு 2004 அக்டோபர் 8 அன்று மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் சிறைக்குப் போனார். வசந்த காலத் தோட்ட வேலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். மேல்முறையீடு தோற்றது 2006-இல்தான். 2005 மார்ச்சில் வெளியே வந்தபோது அவர் போட்டிருந்த குரோஷே போர்வைச் சட்டை சக கைதி ஒருவர் பின்னித் தந்தது.

"பழைய இடத்தைப் பிடித்துவிட்டார்" என்று முடிப்பது

மனிதர் மீண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே ஆண்டு டிவிக்குத் திரும்பினார். 2016-இல் ராப் பாடகர் ஸ்னூப் டாக்குடன் சமையல் நிகழ்ச்சி நடத்தினார். 2023-இல், 81 வயதில், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் நீச்சலுடை இதழின் அட்டையில் வந்தார். மனதாரப் பாராட்ட வேண்டிய மீட்சி.

நிறுவனம் மீளவில்லை. ஒருவருடைய பெயரும் முகமும்தான் முழுச் சரக்கு என்ற அமைப்பில், அவர்மீது விழும் சந்தேகம் மறுநாளே விளம்பர வருமானத்திலும் கடை அலமாரியிலும் தெரியும். 2002 ஜூனில் சிபிஎஸ் காலை நிகழ்ச்சியில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் தொகுப்பாளர் வழக்கைப் பற்றிக் கேட்டார். சாலட்டில் கவனம் செலுத்த விரும்புவதாகச் சொல்லி அவர் நறுக்கிக்கொண்டே இருந்தார். சமையல் நிகழ்ச்சியும் வழக்கும் ஒரே திரையில் வந்துவிட்டன. சிறைக்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை. மேசிஸ் கடைகளுக்குத் தந்திருந்த உரிமம் இருக்கும்போதே 2011-இல் ஜே.சி.பென்னியுடன் ஒப்பந்தம் போட, மேசிஸ் வழக்குத் தொடுத்தது. 100 கோடி டாலரைத் தாண்டி மதிப்பிடப்பட்ட நிறுவனம் 2015-இல் 35.3 கோடி டாலருக்கு சீக்வென்ஷியல் பிராண்ட்ஸிடம் போனது. 2019-இல் அவர்கள் அதை, சமையல் கலைஞர் எமரில் லகாசேயின் பிராண்டையும் சேர்த்து, 17.5 கோடி டாலருக்கு மார்க்கீ பிராண்ட்ஸிடம் விற்றார்கள். அச்சுப் பத்திரிகை 2022-இல் நின்றது.

சொல்லிவிட்டு நகராமல் கேட்பவரிடம் காட்ட வேண்டிய கணக்கு ஒன்று கடைசியாக. இம்க்ளோனின் எர்பிடக்ஸ் மருந்து 2004 பிப்ரவரியில், அதாவது வழக்கு நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, ஒப்புதல் பெற்றது. 2008-இல் எலை லில்லி நிறுவனம் இம்க்ளோனைப் பங்குக்கு 70 டாலர் கொடுத்து வாங்கியது. மார்த்தா விற்றது சுமார் 58 டாலருக்கு.